வலி தீர்ந்தது யாருக்கு?

மதுரையில் ஏதாவது ஒரு தெருமுக்கில் இருக்கும் மருந்துக் கடை முன்னால் மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேலை முடிந்து பஸ் பிடிக்கப் போகிற பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். "அண்ணே, மேல்வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க." எங்கே வலி, எத்தனை நாளாக வலி என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகள் ஒரு சின்னக் காகித உறைக்குள் போகும். ஒரு டீ, வடைக்கு ஆகும் காசில் வேலை முடிந்துவிடும். மறுநாள் காலையில் அந்தப் பெண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு பெண்ணின் வலி நிற்கும்போது யாருக்கெல்லாம் நிம்மதி கிடைக்கிறது? அவளுக்குச் சில மணி நேரம். வீட்டில் இருப்பவர்களுக்கு, உலை நேரத்துக்குக் கொதிக்கிறது என்ற நிம்மதி. முதலாளிக்கு, ஆள் குறையவில்லை என்ற நிம்மதி. இத்தனை பேரின் நிம்மதிக்கும் விலை கொடுப்பது அவளுடைய வயிறு. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. இரைப்பையும் குடலும் உண்மையிலேயே புண்ணாகின்றன, சில சமயம் ரத்தம் கசிகிறது. அப்படியென்றால் வலி மாத்திரை என்பது மருத்துவக் கேள்வி மட்டும்தானா, அறம் சார்ந்த கேள்வியும் இல்லையா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். வீக்கத்தையும் வலியையும் குறைப்பவை. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1982இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் சுரக்கின்றன. காயம்பட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது அவைதான். மாதவிலக்கின்போது கருப்பையை இறுக்கிப் பிழிவதும் அவைதான். வலி மாத்திரை அவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது, வலி குறைகிறது.

சிக்கல் என்னவென்றால் இதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பைக்குக் காவல். சோற்றைக் கரைக்கிற அமிலம் இரைப்பையையே கரைத்துவிடாமல் இருக்க, உட்சுவரின் மேல் வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது. அந்தப் படலத்தைச் சுரக்க வைப்பது, அமிலத்தை முறிக்கும் காரத்தை வரவழைப்பது, சுவருக்கு ரத்த ஓட்டத்தைக் காப்பது எல்லாம் புரோஸ்டாகிளாண்டினின் வேலை. முழங்காலில் அதை நிறுத்துகிற மாத்திரை வயிற்றிலும் நிறுத்திவிடுகிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் இதைச் செய்கிறது. ஆகவே ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் ஆபத்து இருக்கிறது. "சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் செய்யாது" என்று நாம் நம்புவது பாதி உண்மை. எரிச்சல் குறையலாம், காவல் திரும்ப வராது. கூடவே போடுகிற "கேஸ் மாத்திரை" இரைப்பையில் புண் வராமல் ஓரளவு தடுக்கும், ஆனால் சிறுகுடலைக் காப்பாற்றாது.

ஆரோக்கியமான ஒருவர் எப்போதோ இரண்டு நாள் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடரும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. வயதானவர்கள், முன்பே வயிற்றுப்புண் வந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், இரண்டு வகை வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்தக் காகித உறைக்குள் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் பல மடங்கு அதிகம். உறைக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாதே, அதுதான் பிரச்சினை.

என் சின்னம்மா திருமங்கலம் பக்கத்துக் கிராமம். மல்லிகைப் பூ எடுக்கப் போவார். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லிதான். மொட்டு விரிவதற்குள் எடுக்க வேண்டும் என்பதால் இருட்டோடு எழுந்து, இடுப்பில் மடி கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் செடி செடியாகப் போக வேண்டும். எடை பார்த்துத்தான் கூலி. 2006இல் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்ததே, அதில் பிடித்த மூட்டுவலி அவரை முழுதாக விடவே இல்லை. மாத்திரை போட்டால் நடக்க முடிந்தது. நடந்தால் கூலி. வருடக்கணக்கில் இப்படியே போனது.

ஒருநாள் பூக்காட்டிலேயே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கறுப்பா வெளிக்குப் போச்சாம்மா?"

"போச்சு சாமி. கீரை தின்னது, சத்து மாத்திரை போட்டதுன்னு நெனச்சேன்."

"வலிக்கு என்ன மாத்திரை போடுவீங்க?"

"வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு."

வயிற்றுக்குள் புண். அதிலிருந்து பல நாளாக ரத்தம் கசிந்திருக்கிறது. இரைப்பையில் கசியும் ரத்தம் செரித்துக் கறுப்பாக, தார் போல வெளியே வரும். இரும்புச் சத்து மாத்திரையிலும் மலம் கறுப்பாகப் போகும் என்பதால் எந்தக் கறுப்பு எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வயிறு வலித்திருக்குமே என்று நான் கேட்டேன். "இல்லடி, ஒண்ணுமே தெரியல" என்றார். வலி மாத்திரையால் வரும் புண்களில் இது சகஜம் என்று பிறகு டாக்டர் சொன்னார். புண்ணை உண்டாக்கும் மாத்திரையே புண்ணின் வலியையும் அமுக்கிவிடுகிறது. சிலருக்கு ரத்தப்போக்குதான் முதல் அறிகுறி.

சின்னம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும் அவர் களைப்பாகத்தான் இருந்தார், மூச்சு வாங்கியது, முகம் வெளுத்திருந்தது. யாரும் அதை நோயாகப் பார்க்கவில்லை. "பொம்பளைன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்." 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஒரு ஆண் வெளுத்துப்போனால் காரணம் தேடுவார்கள். பெண் வெளுத்திருப்பது ஊரின் இயல்பு நிலை ஆகிவிட்டது. ரத்தம் இல்லாத உடம்பில் மெதுவாகக் கசிகிற ரத்தம் கண்ணில் படுவதில்லை.

எலைன் ஸ்கேரி என்ற அமெரிக்க அறிஞர், உடலின் வலி பற்றி 1985இல் வெளிவந்த தன் நூலில் ஒரு விஷயத்தை விளக்குகிறார். வலி அனுபவிப்பவருக்கு அதைவிடச் சந்தேகமற்ற உண்மை வேறில்லை, பக்கத்தில் நிற்பவருக்கோ அதைவிடச் சந்தேகத்துக்குரிய செய்தி வேறில்லை. என் முழங்கால் வலி உங்கள் காலில் தெரியாது. என் சொல்லை நீங்கள் நம்பினால்தான் அது உங்கள் உலகத்தில் இருக்கிறது. யார் சொல்லை நம்புவது, யார் சொல்லைத் தள்ளுவது என்பதில் சாதி இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது, பால் இருக்கிறது. பூ எடுப்பவளின் முழங்கால், ஐவுளிக் கடையில் நிற்பவளின் குதிகால், கல்லூரி மாணவியின் அடிவயிறு எல்லாம் "சும்மா சொல்றா" என்ற வரிசையில் முதலில் நிற்பவை. நம்பப்படாத வலியைச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த பெண், சொல்வதை நிறுத்திவிட்டு விழுங்கப் பழகுகிறாள்.

விழுங்க வைக்கப்படும் பெண்களும் உண்டு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு புலனாய்வு வெளியிட்டார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் வேலையிடத்தில் ஒரு மாத்திரை கொடுக்கப்பட்டது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். மாத்திரையின் மேல் பெயர் இல்லை. கொடுத்தவர்கள் மருத்துவரோ செவிலியரோ இல்லை, மேற்பார்வை பார்ப்பவர்கள். அவை ஐபுபுரூஃபன் வகை மருந்துகள் என்று தெரியவந்தது. அதனால் உடல்நலம் கெட்டது என்று பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் சொன்னார்கள். செய்தி வந்த பிறகு தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று மாநில அரசு சொன்னது.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ, செவிலியப் பணியாளர்களோடு தனி அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொன்னது. படுத்து எழ ஒரு அறையும், வலி எப்படி என்று கேட்க ஒரு ஆளும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாத்திரை இருந்தது. மாத்திரை மலிவு. அரை மணி நேர ஓய்வு அவ்வளவு மலிவு இல்லை.

"அவளே கேட்டுத்தானே வாங்கினாள், யாரும் வாயைப் பிளந்து ஊட்டவில்லையே" என்று சொல்வார்கள். இந்த வாதத்தை நாம் கவனமாகக் கையாள வேண்டும். பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று பேசுபவர்கள் நாம். ஆகவே அவள் முடிவை அறியாமை என்று ஒதுக்க முடியாது. பூ எடுக்கப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சின்னம்மா மாத்திரை போட்டார். கணக்கு சரியானதுதான். ஆனால் வலியோடு வேலை செய், அல்லது மாத்திரை போட்டு வேலை செய் என்ற இரண்டே வழிகளை வைத்துவிட்டு, இரண்டில் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வது சம்மதம் ஆகாது. மூன்றாவது வழியை அடைத்தது யார் என்று கேட்காமல் சம்மதத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு குரல் வரும். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் மாத்திரை. நாங்க எல்லாம் பொறுத்துக்கலையா?" பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியும் கூடவே வரும். பொறுத்தவர்கள் நம் அப்பத்தாக்கள். பூமியை ஆண்டவர்கள் யார் என்று பட்டாவைப் பார்த்தால் தெரியும். வலியைச் சகிப்பது பெண்ணின் பெருமை என்று சொல்வதும், வலியை மாத்திரையால் மூடிவிட்டு வேலைக்கு வா என்று சொல்வதும் எதிரெதிர் போலத் தோன்றும். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: உன் வலிக்காக இங்கே எதுவும் மாறாது. வலி மாத்திரையே கூடாது என்று நான் எழுதினால் நானும் அங்கேதான் போய் நிற்பேன். மாதவிலக்கு வலிக்கு இந்த மருந்துகள் நன்றாகவே கேட்கும், ஏனென்றால் வலியின் வேரான புரோஸ்டாகிளாண்டினையே அவை தடுக்கின்றன. வலியிலிருந்து விடுதலை பெறுவது பெண்ணின் உரிமை. அந்த உரிமைக்குப் பெயர் அழிக்கப்பட்ட மாத்திரை போதுமா என்பதுதான் என் சண்டை.

புரோஸ்டாகிளாண்டின் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. 1930களில் ஆணின் விந்துத் திரவத்தில் இதைக் கண்ட ஸ்வீடன் விஞ்ஞானி உல்ஃப் வான் ஆய்லர், புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து அந்தப் பெயரை வைத்தார். மாதாமாதம் கோடிக்கணக்கான பெண்களின் அடிவயிற்றைப் பிழிகிற பொருளுக்கு ஓர் ஆண் உறுப்பின் பெயர். இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதியவர்கள் பெண்கள். வலி மாத்திரைகளால் வரும் இரைப்பைப் புண்ணைத் தடுக்க மிசோப்ரோஸ்டால் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. இழந்த புரோஸ்டாகிளாண்டினுக்கு மாற்று அது. 1980களில் பிரேசிலில் அது கடைக்கு வந்தது. அங்கே கருக்கலைப்பு பெரும்பாலும் சட்டவிரோதம். கர்ப்பிணிகள் இந்த மருந்தை எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையிலிருந்து, அது கருப்பையை இறுக்கும் என்பதைப் பெண்கள் புரிந்துகொண்டார்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்ல, பெண்களுக்குள்ளேயே அந்த அறிவு பரவியது. மருத்துவ உலகம் பின்னால் வந்து ஆராய்ந்தது. இன்று பாதுகாப்பான கருக்கலைப்புக்கும், பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைத் தடுக்கவும் உலகம் முழுவதும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிரேசில் பெண்கள் பட்ட கஷ்டத்தை நான் காவியமாக்கவில்லை. சட்டம் அவர்களைத் தள்ளிய இடத்தில் பயத்தோடுதான் அதைச் செய்தார்கள். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அங்கே ஒரு எச்சரிக்கை பெண்களின் கைக்குக் கிடைத்தது, அவர்கள் அதைப் படித்துத் தங்களுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே நம் ஊர் ஆலைப் பெண்களின் கைக்கு வந்த மாத்திரையில் படிக்க ஒரு எழுத்துகூட இல்லை. மருந்தின் பெயரை மறைப்பது, அதைப் பற்றி யோசிக்கும் உரிமையைப் பறிப்பது. பெயர் தெரிந்தால் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் கேட்கலாம், டாக்டரிடம் சொல்லலாம், வேண்டாம் என்று மறுக்கலாம். "வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

படித்த பெண்களின் நிலையும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லூரி விடுதிகளில் அறைக்கு அறை கைமாறும் மெஃப்டால் ஸ்பாஸ் மாத்திரையில் இருப்பது மெஃபெனமிக் அமிலம், இதே குடும்பம்தான். 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனமிக் அமிலத்தால் வரக்கூடிய கடுமையான ஒவ்வாமை பற்றி எச்சரித்தபோது அது பெரிய செய்தியானது. ஒவ்வாமை அபூர்வம். வயிற்றுப்புண் அவ்வளவு அபூர்வம் இல்லை, ஆனால் அது செய்தி ஆவதில்லை. மாதாமாதம் எழுந்திருக்க முடியாத அளவு வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். வாரக் கடைசியில் ஊருக்குப் போகும் மாணவியிடம் "ஒரு மாத்திரை போட்டுக்கோ" என்று சொல்கிற அன்பு, அந்தக் கேள்வியைப் பல வருடங்களுக்குத் தள்ளிப்போட்டுவிடுகிறது.

அப்படியானால் வலிக்கு நாம் கடன்பட்டிருப்பது என்ன? 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் திருத்தம். கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. ஐவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் கால்வலிக்கு டைக்ளோஃபெனாக் ஒரு பதில், நாற்காலி இன்னொரு பதில். மாத்திரை அவள் உடம்பை வேலைக்கு ஏற்ப மாற்றுகிறது. நாற்காலி வேலையை அவள் உடம்புக்கு ஏற்ப மாற்றுகிறது. நாற்காலியால் யாருக்கும் குடலில் ரத்தம் கசிந்ததில்லை. சட்டம் வந்தும் எத்தனை கடைகளில் பெண்கள் தயங்காமல் உட்காருகிறார்கள் என்பதை அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது நீங்களே பாருங்கள்.

நாற்காலி ஒரு தொடக்கம். கழிப்பறை இல்லை என்பதற்காக வேலையிடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்கு இதே மாத்திரை சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே கழிப்பறையும் மருந்துதான். கூலி குறையாத ஒருநாள் விடுப்பும் மருந்துதான். பீகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு 1992 முதல் இருக்கிறது. எடை பார்த்துக் கூலி வாங்கும் பூக்காட்டுப் பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு இன்னும் யாரிடமும் பதில் இல்லை.

இவை எல்லாம் வரும்வரை மாத்திரை போடாதே என்று எந்தப் பெண்ணிடமும் நான் சொல்ல மாட்டேன். ஓய்வெடுக்க வசதி உள்ளவர்கள் வசதி இல்லாதவர்களுக்குச் சொல்லும் புத்திமதியாக அது முடிந்துவிடும். சொல்ல நினைப்பது இவ்வளவுதான். அட்டையோடு வாங்குங்கள், பெயரைப் படியுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் மதினிக்கும் படித்துச் சொல்லுங்கள். இரண்டு வலி மாத்திரைகளை ஒன்றாகப் போடாதீர்கள். தொடர்ந்து போட வேண்டியிருந்தால் டாக்டரிடம் வயிற்றைப் பற்றியும் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்தால், காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், முகம் வெளுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் ஒரு பெண் தினமும் வலி மாத்திரை போடுகிறாள் என்றால், அவள் வலியால் யார் யாருடைய வேலை நடக்கிறது என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு பகல் ஓய்வு, ஒருவேளைச் சமையல் என்று ஏதாவது கடன்பட்டிருக்கிறார்கள். அதை அவள் கேட்டு வாங்கலாம்.